காப்பு கட்டிய கை

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் எவருக்கும் அந்த அட்டவணை மனப்பாடமாக இருக்கும். கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இந்தப் பக்கம் தமனி, அந்தப் பக்கம் சிரை. தமனி இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும், சிரை திருப்பிக் கொண்டுவரும். தமனியின் சுவர் தடித்தது, உள்ளே அழுத்தம் அதிகம். சிரையின் சுவர் மெல்லியது, அழுத்தம் குறைவு, வந்த இரத்தம் பின்னால் போய்விடாமலிருக்க உள்ளே வால்வுகள் உண்டு. இரண்டும் நேரடியாகச் சேர்வதில்லை. நடுவில் தந்துகிகள் என்று மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் வேண்டியதை அங்கே இறக்கிவிட்டுத்தான் இரத்தம் சிரைக்குப் போகும். பசுமலைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுக்கோட்டை ஸ்கேல் வைத்துப் போடாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைப்பேன். அதற்காகப் பிள்ளைகள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

என் கணவர் மோட்டார் காயில் கட்டுபவர். உசிலம்பட்டி சாலையில் ஒரு தகர ஷெட்டில் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்சி, ஃபேன் எது எரிந்துபோய் வந்தாலும், கருகிய காயிலை வெட்டியெடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். எல்லாம் இடது கையால்தான். எழுதுவது, சுத்தியல் பிடிப்பது, கம்பி சுற்றுவது, என்னிடம் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவது வரைக்கும் இடது. சாப்பிடுவதும் திருநீறு வாங்குவதும் மட்டும் வலது. அது சின்ன வயதில் என் மாமியார் கரண்டியால் அடித்துப் பழக்கியது.

அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. மாத்திரை வாங்குவார், சாப்பிட மாட்டார். "தலை சுத்தல, ஒண்ணும் சுத்தல, எதுக்கு மாத்திரை" என்பார். கால் வீங்கி, முகம் வீங்கி, ஒரு நாள் படியேற முடியாமல் உட்கார்ந்தபோது போய் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் மருத்துவர். அந்த நிமிடத்தில் நான் செய்த காரியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மருத்துவரின் மேசையில் பிளாஸ்டிக்கில் ஒரு சிறுநீரக மாதிரி இருந்தது. அதில் தமனிக்கு நீலமும் சிரைக்குச் சிவப்பும் மாற்றிப் பூசியிருந்தார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இதை யாரும் திருத்தவில்லையா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுவை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார்.

"மெஷினுக்கு வேகமா நிறைய ரத்தம் வேணும் மேடம். சிரைல அந்த வேகம் கிடையாது. தமனில வாரம் மூணு தடவை ஊசி குத்த முடியாது. அதனால மணிக்கட்டுக்கிட்ட சிரையை அறுத்து, நேராத் தமனியோட சேத்துத் தச்சிருவோம். தமனியோட அழுத்தம் சிரைக்குள்ள பாயும். ஒன்றரை மாசத்துல சிரை தடிச்சுப் பொடைச்சு வந்துரும். அப்புறம் அதுல ஊசி போடலாம். இதுக்குப் பேரு ஃபிஸ்டுலா."

"நடுவுல தந்துகி இல்லாமலா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இல்லாமத்தான் மேடம்."

பத்தொன்பது வருடமாக நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டை அவர் பேனாவால் குறுக்கே வெட்டிவிட்டார். எனக்கு அது அதிர்ச்சியாகக்கூட இல்லை. ஏதோ பாடத்திட்டம் மாறிவிட்டது என்று சுற்றறிக்கை வந்த மாதிரிதான் இருந்தது.

என் கணவருக்கோ அது உடனே புரிந்துவிட்டது. மாடிப்படி இறங்கும்போது சொன்னார்: "இது ஷார்ட் சர்க்யூட்தான் டீச்சர். ஃபேஸ் ஒரு பக்கம், நியூட்ரல் ஒரு பக்கம். நடுவுல லோடு இல்லாம ரெண்டையும் சேத்தா ஷார்ட்டு. நம்ம கடைல அப்படிச் சேத்தா ஃபியூஸ் போயிரும். இங்க அதையே ஆப்பரேசங்கிறாய்ங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிண்டலுக்குக் கூப்பிட்டது, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

எந்தக் கையால் வேலை செய்வீர்கள் என்று மருத்துவர் கேட்டிருந்தார். இடது என்றார் இவர். அதனால் ஃபிஸ்டுலா வலது மணிக்கட்டில் வைத்தார்கள். வேலை செய்கிற கையைக் காப்பாற்ற வேண்டுமே. அது சரியான முடிவுதான். யாரும் அதில் தப்புச் சொல்ல முடியாது.

தையல் பிரித்த அன்று மருத்துவர் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "சுர்ர்ருன்னு ஒரு அதிர்வு தெரியுதா? அதுக்குப் பேரு த்ரில். காதை வச்சா இரைச்சல் கேக்கும், அது புருயி. தினமும் காலைல பாக்கணும். இருக்கிற வரைக்கும் லைன் ஓடுதுன்னு அர்த்தம். இல்லைன்னா ஒரு மணி நேரம்கூட வீட்ல இருக்காதீங்க, கிளம்பி வந்துருங்க. ரத்தம் உறைஞ்சு அடைச்சிரும்."

தீப்பெட்டிக்குள் பொன்வண்டைப் போட்டுக் கையில் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தராத, நானும் யாருக்கும் சொல்லித்தராத ஒன்று. அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன் அவருடைய வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை ஆயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டே, "கரண்டு ஓடுது டீச்சர்" என்பார்.

அந்தக் கைக்குச் சட்டதிட்டம் நிறைய. அதில் ரத்தக் கொதிப்பு பார்க்கக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது, கைக்கடிகாரம் கட்டக்கூடாது, பை மாட்டக்கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக்கூடாது. டயாலிசிஸ் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு ஃபிஸ்டுலா இடது கையில்தான் இருக்கும். அதனால் புதிதாக வரும் எந்த நர்சும் பழக்க தோசத்தில் ரத்தக் கொதிப்பு பார்க்கும் பட்டையை எடுத்துக்கொண்டு இவருடைய வலது கைக்குத்தான் வருவார். "அந்தக் கை இல்ல சிஸ்டர், இந்தக் கை" என்று நான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வேன். ஒரு வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்றும் வந்தது. வலது கை விரல்கள் சில்லிட்டுப் போயின. நுனிகள் மரத்துவிட்டன. விரல்களுக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கைச் சிரை நடுவழியிலேயே இழுத்துக்கொள்கிறது. மருத்துவத்தில் அதற்குத் திருட்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லேசாகத்தான் இருக்கிறது, விட்டுவிடலாம் என்றார் மருத்துவர். ஆனால் சாப்பிடுகிற கை அதுதான். தட்டில் போட்ட சோறு சுடுகிறதா ஆறிவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு தடவை விரல் கொப்புளித்த பிறகு, "சோறு சூடா இருக்கா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். நான் தொட்டுப் பார்த்துச் சொல்வேன்.

பள்ளியில் மற்ற ஆசிரியைகள், எப்படி இவ்வளவு தைரியமாக இருக்கிறீர்கள் என்பார்கள். தைரியம் எல்லாம் இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. மகள் திருச்சியில் விடுதியிலிருந்து போனில் அழும்போது, அவளுக்குச் சிரைக்கும் தமனிக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டாள். நான் லைன் எப்படி இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

அந்த வருடம் பங்குனியில் அவருடைய ஊரில் அம்மன் திருவிழா போட்டார்கள். எழுமலைக்குப் பக்கம் ஒரு கிராமம். ஏதோ தகராறில் பல வருடம் நின்றுபோயிருந்த திருவிழா. எட்டு நாள், செவ்வாய்க்கிழமை காப்பு கட்டி அடுத்த செவ்வாய்க்கிழமை அவிழ்ப்பது. மஞ்சள் நனைத்த முறுக்கு நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கை முடிந்து மணிக்கட்டில் கட்டுவார்கள். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. கட்டியவர் அவிழ்க்கும் நாள்வரை அதைக் கழற்றக்கூடாது, வெளியூரில் ராத்தங்கக்கூடாது. அவர்கள் வகையறாவில் மூத்த ஆண் கட்டினால்தான் மற்ற பங்காளி வீட்டார் தீச்சட்டி எடுக்க முடியும். என் மாமனார் இறந்த பிறகு மூத்தவர் இவர்தான்.

"எடது கைல கட்டச் சொல்லுங்க" என்றேன்.

"ஆம்பளைக்கு எடது கைலயா? ஊரே சிரிக்கும்."

"அப்ப உங்க தம்பி கட்டட்டும்."

"நான் இருக்கைல அவன் எப்படிக் கட்டுவான்? நான் செத்தாத்தான் அவன் கட்டணும். கட்டுனா நான் செத்துட்டேன்னுதான அர்த்தம்?" என்றார்.

சாதாரணமாக அதற்கு மேல் எனக்கு வாய் நீளும். அன்று நீளவில்லை. வேண்டாம், கூடாது, அந்தக் கை இல்லை என்று ஒரு வருடம் சொன்ன வாய் சலித்துவிட்டது. "லூசாக் கட்டச் சொல்லுங்க. ஒரு விரல் உள்ள போகணும்" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீ சொன்னாச் சரி டீச்சர்" என்றார்.

எனக்குப் பொதுத்தேர்வு மேற்பார்வை வேலை இருந்ததால் நான் போக முடியவில்லை. அவர் ஊரில் தங்குவது, டயாலிசிஸ் நாளில் மட்டும் பஸ்ஸில் மதுரைக்கு வந்துவிட்டு அன்றே திரும்புவது என்று ஏற்பாடு. காலையில் தொட்டுப் பார்க்க நான் பக்கத்தில் இல்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஐந்தரைக்கு நான் போன் செய்வேன். அவர் தன் போனை மணிக்கட்டில் வைத்து அழுத்துவார். இந்தப் பக்கம் எனக்கு ஷ்ஷூ ஷ்ஷூ என்று இரைச்சல் கேட்கும். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால் பாலத்துக்கடியில் கேட்கிற சத்தம் மாதிரி, ஆனால் விட்டு விட்டு வரும். நான்கைந்து நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். "போதுமா டீச்சர், கரண்டு ஓடுதா?" என்பார். ஓடுது என்பேன். புதன், வியாழன், வெள்ளி, சனி, நான்கு நாளும் இப்படியே போயிற்று. உண்மையைச் சொன்னால் அந்த வருடத்திலேயே நாங்கள் இருவரும் நெருக்கமாக இருந்தது அந்த நான்கு காலைகளில்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் டயாலிசிஸ் பிரிவிலிருந்து டெக்னீசியன் தம்பி எனக்குப் போன் செய்தான். நல்ல பையன், இரண்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறான்.

"டீச்சர், புதன்கிழமை நான் லீவு, இன்னைக்குத்தான் பாக்குறேன், அண்ணே கைல காப்பு கட்டிட்டு வந்திருக்காரு. மஞ்சத்துண்டு சரியாத் தையல் மேல உக்காந்திருக்கு. இந்த நூலு நனைஞ்சு நனைஞ்சு காஞ்சா இறுகும். அறுத்து விட்றவா? கேட்டா விட மாட்டேங்குறாரு."

"ஒரு விரல் உள்ள போகுதா?"

"இப்பப் போகுது டீச்சர்."

"அப்ப விடுப்பா" என்றேன்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி. அந்த நாட்களில் உடம்பில் நீர் சேரும், கையும் காலும் வீங்கும். திருவிழா வீட்டில் கூழும் மோரும் பானகமும் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் தலைக்குக் குளியல், ஈரத்துணியோடு கோயில், பிறகு பங்குனி வெயில். கை வீங்குகிறது, நூல் இறுகுகிறது. மரத்துப்போன கைக்கு அது உறைக்கவில்லை. இதெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அன்றைக்கும் எனக்கு இது தெரிந்துதான் இருந்தது. தெரியாதென்று சொன்னால் நான் எதற்கு அறிவியல் ஆசிரியை?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குப் போன் செய்தேன். அவர் மணிக்கட்டில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கலைங்க."

"டவர் சரியில்ல போல. இந்தா, இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லைங்க. தொட்டுப் பாருங்க."

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "இருக்கு" என்றார்.

"நல்லாப் பாருங்க."

"இருக்குன்னு சொல்றேன்ல."

நான் சரி என்று போனை வைத்தேன். அவர் கரண்டு ஓடுகிறது என்று சொல்லவில்லை. டீச்சர் என்றும் சொல்லவில்லை. டவர் சரியாகத்தான் இருந்தது. அவர் பேசாமல் இருந்த அந்த நேரத்தில் அங்கே கோயில் ஒலிபெருக்கி பாடியது கேட்டது, ஒரு காக்கை கத்தியது கேட்டது, யாரோ குடத்தைத் தரையில் வைத்த சத்தம்கூடக் கேட்டது. அவருடைய கை ஒன்றுதான் கேட்கவில்லை.

அன்று எனக்கு விடுமுறை. பெரியார் நிலையத்துக்குப் போய் உசிலம்பட்டி பஸ் ஏறியிருந்தால், அங்கே மாறி இரண்டு மணி நேரத்தில் அந்த ஊருக்குப் போயிருக்கலாம். ஒரு கத்தரிக்கோல் போதும். நான் துணி ஊற வைத்தேன். மாவு ஆட்டினேன். ரசம் வைத்துச் சாப்பிட்டேன். பிறகு படுத்தேன். நான்கு மணி நேரம் தூங்கினேன். ஒரு வருடத்தில் நான் அப்படித் தூங்கியதே இல்லை. எழுந்தபோது வாயோரம் எச்சில் வழிந்திருந்தது, வெயில் இறங்கியிருந்தது, யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது. இதை எழுதவேண்டாம் என்று பலமுறை நினைத்தேன். ஆனால் அந்தத் தூக்கத்தைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

திங்கட்கிழமை காலையில் அவரே போன் செய்தார். "இன்னைக்குப் பொங்க வைக்குறாக, சாயங்காலம் சட்டி எடுக்குறாக. மெஷினுக்கு வரலை. நாளைக்குக் காப்பு அவுத்ததும் நேரா வாரேன், சேத்துப் பாத்துக்கலாம்" என்றார். பேசும்போதே மூச்சு வாங்கியது. சரி என்றேன். போனை மணிக்கட்டில் வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் வைக்கவில்லை. நான் தேர்வு அறைக்குப் போய் மூன்று மணி நேரம் நின்றேன். கூடுதல் தாள் கேட்ட பிள்ளைகளுக்கு நூல் கொடுத்துக் கட்டச் சொன்னேன். ஒரு பெண் இறுக்கி முடிச்சுப் போட்டுத் தாள் கிழிந்துவிட்டது. லூசாகக் கட்டு என்று அவளிடமும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். அவர் படிக்கட்டில் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். முகம் உப்பியிருந்தது. நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்க நின்றார். வலது மணிக்கட்டில் நூல் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு பள்ளம். நான் தொட்டுப் பார்த்தேன். தோல் மட்டும் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, ஆட்டோ நிக்குது" என்றேன்.

டாப்ளர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு அறுவை மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். "ஃப்ளோ இல்ல. எப்ப நின்னுச்சு?"

"இன்னைக்குக் காலைலதான் சார். விடிய வரைக்கும் இருந்துச்சு" என்றார் என் கணவர்.

மருத்துவர் உடனே சுறுசுறுப்பானார். "அப்படின்னா எடுத்துப் பாத்துரலாம். தியேட்டர் ரெடி பண்ணச் சொல்றேன். இம்புட்டுத் தண்ணி ஏறியிருக்கைல ரிஸ்க்தான், ஆனா காலைல நின்னதுன்னா காப்பாத்த வழியிருக்கு."

இவர் மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தார். இந்த நிலையில் கையைத் திறப்பார்கள், உள்ளே கல்லாக உறைந்து கிடக்கும், மூடுவார்கள். அதுவரை இந்த நெஞ்சு தாங்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை காலைல டாக்டர்" என்றேன். "அஞ்சரைக்கு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரிஞ்சே ரெண்டரை நாளா வச்சிருந்தீங்களா? நீங்க சயின்ஸ் டீச்சர்தான மேடம்?" என்று என்னைக் கேட்டார். என் கணவர் மருத்துவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கழுத்துச் சிரையில் ஒரு குழாய் சொருகி அன்றே டயாலிசிஸ் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் மூச்சு மட்டும்தான் இருந்தது. பிறகு நீர் இறங்க இறங்க முகம் தெளிந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டெக்னீசியன் தம்பி வந்து மெஷினைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனான்.

"ஞாயித்துக்கெழமையே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"என்ன பண்ணுன அன்னைக்கு?"

"தூங்கிட்டேன்."

அவர் மேலே ஓடிய ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபேனைப் பார்த்தால் அவருக்கு அதில் என்ன கோளாறு என்றுதான் தோன்றும். ஆனால் அன்று அவர் ஃபேனைப் பற்றிச் சொல்லவில்லை.

"நான் அறுக்க முடியாது. தம்பி அறுக்க மாட்டான். ஊர்ல ஒருத்தனும் அறுக்க மாட்டான். நீ வந்து அறுத்துட்டின்னா, பொண்டாட்டி அறுத்துப்புட்டா, டீச்சரம்மா சொன்னாக் கேக்காதுன்னு சொல்லி ஓட்டிரலாம்னு இருந்தேன்" என்றார். "அன்னைக்குப் பூரா பஸ்டாப்புலதான் உக்காந்திருந்தேன். ஒவ்வொரு வண்டியாப் பாத்தேன். எப்படியும் நீ வந்துருவன்னு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. அவருடைய வலது கையைப் பிடித்திருந்தேன், அது கனமாக இருந்தது. விரல்கள் சூடாக இருந்தன. சிரை திருடுவது நின்றுவிட்டதால் ரத்தம் மறுபடியும் விரல்களுக்குப் போகத் தொடங்கியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரத்திலும் அதுதான் புரிந்தது.

வலது கையில் மேலே இருந்த சிரையும் பாதி அடைத்துவிட்டது என்று ஸ்கேனில் வந்தது. அதனால் புது ஃபிஸ்டுலாவை இடது கையில், முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வேலை செய்கிற கை. கடையில் இப்போது வலது கையால் கம்பி சுற்றிப் பழகுகிறார். சுற்று பிசகுகிறது, பிரித்துவிட்டு மறுபடியும் சுற்றுகிறார். ஐம்பது வயதில் என்னைச் சோத்தாங்கைக்காரன் ஆக்கிட்டாய்ங்க என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை. திருவிழா நல்லபடியாக நடந்தது என்றுதான் எல்லாருக்கும் தெரியும்.

வலது கை விரல்களுக்கு உணர்வு முழுதாகத் திரும்பிவிட்டது. சோறு சுடுகிறதா என்று இப்போது அவர் என்னைக் கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் வலது கை விரலை இடது முழங்கையில் வைத்து அவரே பார்த்துக்கொள்கிறார். டீச்சர் என்று இப்போதும் கூப்பிடுகிறார், ஆனால் கரண்டைப் பற்றிச் சொல்வதில்லை. பள்ளியில் அந்தப் பாடம் மறுபடியும் வந்தது. நடுக்கோடு போட்டேன், இரண்டு பக்கமும் எழுதிப் போட்டேன், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தரைக்கு நான் அடுப்படியில் நின்றுகொண்டு, "இருக்கா?" என்று கேட்பேன்.

"இருக்கு" என்பார் உள்ளிருந்து.

அதே வார்த்தை, அதே குரல். நான் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.